பிக் பெண்ட்: எந்த மாதம், எந்தப் படகு, ஆறா மலையா?

ஸ்பிரிங் பிரேக் நெருங்கினால் டெக்சாஸ் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "பிக் பெண்ட் போறோம், எந்த ராஃப்டிங் நல்லா இருக்கும்?" ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஒருவர் சாண்டா எலெனா என்பார், இன்னொருவர் போக்கியாஸ் என்பார், மூன்றாமவர் "அங்கே தண்ணியே இல்லீங்க, வேஸ்ட்" என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும். ஒருவர் போனது அக்டோபரில், இன்னொருவர் போனது பிப்ரவரியில், மூன்றாமவர் போனது மே மாதத்தில். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆகவே படகைப் பற்றிப் பேசுமுன் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம்.

பிக் பெண்ட் தேசியப் பூங்கா டெக்சாஸின் தென்மேற்கு மூலையில், சிவாவா பாலைவனத்தில் இருக்கிறது. 1944-ல் தொடங்கிய பூங்கா, பரப்பு 8 லட்சம் ஏக்கர். தென்கிழக்காக வந்துகொண்டிருந்த ரியோ கிராண்டே ஆறு இங்கே பெரிய வளைவு போட்டு வடகிழக்காகத் திரும்புகிறது. அந்த வளைவில் 118 மைலுக்கு ஆறுதான் பூங்காவின் எல்லை, அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் அதுவே எல்லை. நடுவில் சிசோஸ் மலைத்தொடர். ஆற்றங்கரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 அடி உயரம், எமரி சிகரம் 7,825 அடி. ஒரே நாளில் கீழே வெயிலில் வெந்துவிட்டு மேலே போய் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். இந்த உயர வித்தியாசம்தான் பின்னால் சொல்லப்போகும் பல முடிவுகளுக்குக் காரணம்.

ஆற்றுக்கு வருவோம். ரியோ கிராண்டே கொலராடோ மலைகளில் பிறந்து, நியூ மெக்சிகோ முழுவதையும் கடந்து வருகிறது. வழியில் பாசனத்துக்கும் ஊர்களுக்கும் எடுத்தது போக, எல் பாசோ தாண்டியதும் மிஞ்சுவது சொற்பம். அங்கிருந்து பிரசிடியோ வரை ஆறு பெயருக்குத்தான் ஓடுகிறது. பிரசிடியோ அருகே மெக்சிகோவிலிருந்து ரியோ கொன்சோஸ் வந்து கலந்த பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் வருகிறது. பிக் பெண்டில் உங்கள் படகு மிதப்பது பெரும்பாலும் மெக்சிகோவின் தண்ணீரில். கொன்சோஸ் மீது அணைகள் இருக்கின்றன. அங்கே திறந்தால் இங்கே வரும், திறக்காவிட்டால் வராது. எவ்வளவு தர வேண்டும் என்று 1944-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம், மழை பொய்த்த வருடங்களில் பாக்கி, இந்தப் பக்கம் விவசாயிகள் கோபம், அந்தப் பக்கம் விவசாயிகள் போராட்டம். காவிரிச் செய்திகளோடு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

ஆனால் மேட்டூர் நீர்வரத்தை ஆயிரக்கணக்கான கன அடியில் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே வரும் எண் சிரிப்பாகத்தான் இருக்கும். வருடத்தில் பல மாதங்கள் வினாடிக்குச் சில நூறு கன அடி, அவ்வளவுதான். 2022 வசந்தத்தில் பூங்காவுக்குள் சில இடங்களில் ஓட்டமே நின்று, ஆறு குட்டை குட்டையாகக் கிடந்தது. அதற்கு நேர்மாறாக 2008 செப்டம்பரில் மெக்சிகோ பக்கம் பெய்த மழையாலும் அணைகளைத் திறந்ததாலும் வெள்ளம் கரை புரண்டு, ஆற்றோர முகாம்களே மூழ்கின. சராசரி என்று ஒன்றைச் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. காஸ்டோலோன், ஜான்சன் ராஞ்ச் ஆகிய இடங்களில் நீர்மட்டக் கருவிகள் உண்டு. அவற்றின் அளவு அன்றன்றைக்கு இணையத்தில் வருகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

தண்ணீர் குறைந்தால், பூங்காவுக்கு வெளியே மேற்கே இருக்கும் டெர்லிங்குவா ஊரில் உள்ள படகு நிறுவனங்கள் ராஃப்டை ஒதுக்கிவிட்டு கேனோவுக்கு மாறிவிடும். ராஃப்ட் என்பது காற்றடைத்த ரப்பர் படகு, அகலமானது, கனமானது. ஆட்களும் சாமானும் ஏறினால் ஆழம் கேட்கும். மணல் திட்டில் உட்கார்ந்துவிட்டால் ஆறு பேர் இறங்கித் தள்ள வேண்டும். கேனோ ஒல்லி, ஒரு சாண் தண்ணீரிலும் நழுவிப் போய்விடும். "ராஃப்டிங் புக் பண்ணினோம், கேனோவைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஏமாற்று இல்லை. அந்த வாரத்து ஆற்றுக்கு அதுதான் சரியான படகு. ஒரே ஒரு வித்தியாசம்: ராஃப்டில் வழிகாட்டி துடுப்புப் போட நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். கேனோவில் உங்கள் கைதான் எஞ்சின். தோள்வலி உள்ளவர்கள், சின்னக் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சரி, இடங்களைப் பார்க்கலாம். முதலில் எல்லோரும் கேட்கும் சாண்டா எலெனா. படங்களில் வருமே, இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் ஒடுங்கிய ஆறு, அதுதான். சுவரின் உயரம் 1,500 அடி வரை போகும். ஆறு ஓடும் திசையில் பார்த்தால் இடது கை அமெரிக்கா, வலது கை மெக்சிகோ. இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம், இரண்டும் முற்றிலும் வேறு அனுபவம்.

முதல் வகை, லஹித்தாஸ் ஊரில் படகை இறக்கி 20 மைல் முழுவதும் கீழே இறங்கிவருவது. முதல் 13 மைல் திறந்த பாலைவனம். அழகுதான், ஆனால் வெயில் தலைக்கு மேலேயே நிற்கும். கடைசி 7 மைல்தான் கேன்யன், அதாவது அந்தச் சுவர்களுக்கு நடுவே போகும் பள்ளத்தாக்கு. உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே 'ராக் ஸ்லைட்' வருகிறது. மேலிருந்து சரிந்து விழுந்த வீடு வீடான பாறைகள் ஆற்றை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, அவற்றின் சந்துகளில் தண்ணீர் புகுந்து போகிறது. தண்ணீர் குறைவான நாளில் இது நிதானமாக வழி தேடும் விளையாட்டு. ஆற்றோட்டத்தின் கடினத்தை 1 முதல் 6 வரை கிளாஸ் என்று பிரிப்பார்கள். சில நீர்மட்டங்களில் இதுவே கிளாஸ் 4 ஆகிவிடும், தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் திரும்ப வழி கிடையாது. சுவர்களுக்கு இடையே போனால் மறுமுனையில்தான் வெளியே வர முடியும். நல்ல ஓட்டம் இருந்தால் ஒரே நாளில் முடிக்கலாம், இல்லையென்றால் ஓர் இரவு கரையில் கூடாரம். கேன்யனுக்குள் தூங்கி எழுவது அற்புதம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல்முறை படகேறுகிறவர்களும், பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகளோடு வருகிறவர்களும் வழிகாட்டி இல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

இரண்டாவது வகைக்கு அங்கே 'பூமராங்' என்று பெயர். கேன்யன் முடியும் இடத்தில், அதாவது பூங்காவின் சாண்டா எலெனா கார் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், கேனோவை இறக்கி, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறோம். சுமார் 2 மைல் போனால் மெக்சிகோ பக்கம் ஃபெர்ன் கேன்யன் என்ற ஒரு கிளைப் பிளவு வரும். திரும்பும்போது ஆறே கொண்டுவந்து விட்டுவிடும். ஆறு வேகமாக ஓடினால் இதைச் செய்யவே முடியாது. ராஃப்டைக் கெடுக்கும் அதே குறைந்த தண்ணீர்தான் பூமராங்குக்குத் தேவை. பெரும்பாலான குடும்பங்கள் போகும் நவம்பர் முதல் மார்ச் வரைக்கும் இதுதான் நிலவரம் என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு என் சிபாரிசும் இதுதான்.

உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் வளைவு தாண்டியதும் கார் நிறுத்தத்துச் சத்தம் அறுந்துவிடும். கேனோவின் அடி கூழாங்கல்லில் உரசும் சத்தம் கேட்டதும் இறங்க வேண்டும். தண்ணீர் கணுக்காலுக்கோ முழங்காலுக்கோதான் இருக்கும். முன்கயிற்றைப் பிடித்து நாலடி இழுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். இப்படிப் பல தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும். கரையோரச் சேறு மாவு மாதிரி வழுவழுப்பாக இருந்து செருப்பைப் பிடித்து உறிஞ்சிக்கொள்ளும், ஹவாய் செருப்பு முதல் இறக்கத்திலேயே போய்விடும். பின்பட்டை உள்ள சாண்டலோ பழைய ஷூவோதான் சரி. வெயில் அடிமட்டத்துக்கு வருவது நாளில் கொஞ்ச நேரம்தான். ஜனவரியில் வெளியே டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நிற்கிறவர் உள்ளே போய்ப் பல் தந்தியடிப்பார். கேன்யன் ரென் என்ற சிட்டளவுப் பறவை ஒன்று இருக்கிறது. அதன் குரல் மேல் ஸ்தாயியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். சுவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். பிள்ளைகள் பதிலுக்குக் கத்தாமல் இருக்க மாட்டார்கள், விட்டுவிடுங்கள்.

இதன் பெரிய வசதி, எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம் என்பது. ஒரு குழந்தை அழுகிறதா, காற்று அதிகமாகிறதா, திருப்பிவிட்டால் அரை மணியில் காரில் இருப்பீர்கள். வாகனத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகும் ஷட்டில் செலவும் இல்லை. படகே வேண்டாம் என்பவர்களுக்கு அதே வாயிலில் நடைபாதை இருக்கிறது. போய்வர 1.7 மைல், கொஞ்சம் படியேற்றம். தொடக்கத்தில் டெர்லிங்குவா ஓடையைக் கடக்க வேண்டும். சாதாரண நாளில் காய்ந்து கிடக்கும், மழைக்கு மறுநாள் கடக்கவே முடியாது. பூங்காவின் தலைசிறந்த காட்சி எந்தப் படகுக் கட்டணமும் இல்லாமல் கிடைப்பது இங்கேதான்.

"எனக்கு நிஜமாகவே ராஃப்டில் உட்கார்ந்து கொஞ்சம் குலுங்க வேண்டும்" என்றால் கொலராடோ கேன்யனைப் பாருங்கள். பெயரைப் பார்த்து கொலராடோ மாநிலம் என்று நினைக்க வேண்டாம், இதுவும் ரியோ கிராண்டே ஆறுதான். இது தேசியப் பூங்காவில் இல்லை, லஹித்தாஸுக்கு மேற்கே பிக் பெண்ட் ராஞ்ச் மாநிலப் பூங்காவில் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். மற்ற கேன்யன்களெல்லாம் சுண்ணாம்புப் பாறை, இது எரிமலைப் பாறை. கருஞ்சிவப்பாக, தூண் தூணாக நிற்கும். கிளாஸ் 2, தண்ணீர் ஏறினால் கிளாஸ் 3 வரை. அரை நாளிலோ ஒரு நாளிலோ முடிந்துவிடும். எஃப்எம் 170 சாலை ஆற்றோடு ஒட்டியே போவதால் இறங்குவதும் ஏறுவதும் சுலபம். சாண்டா எலெனாவின் பிரமாண்டம் இங்கே கிடையாது. ஆனால் செப்டம்பர், அக்டோபரில் ஆற்றில் ஓட்டம் இருக்கும்போது, முதல்முறை ராஃப்டில் ஏறும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பகுதியில் இல்லை. அந்தச் சாலையில் காரோட்டுவதே ஒரு தனி சவாரி. ஓரிடத்தில் ஏற்றம் 15 சதவீதம், மேலே நிறுத்திப் பார்த்தால் ஆறு காலடியில் வளைந்து போகும்.

பூங்காவின் கிழக்குப் பக்கம் போக்கியாஸ் கேன்யன். ரியோ கிராண்டே வில்லேஜ் என்ற பூங்கா முகாமில் தொடங்கி 33 மைல். ரேப்பிட் (பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் வேக ஓட்டம்) என்று பயப்பட ஒன்றும் இல்லை. கொஞ்சம் பழகியவர்கள் வழிகாட்டி இல்லாமலேகூடப் போகலாம். ஆனால் இது ஒருநாள் சமாச்சாரம் இல்லை, மூன்று நாள் ஒதுக்க வேண்டும். இரவு முகாம்தான் இதன் ருசி. 2012-லேயே பிக் பெண்ட் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வெளி ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நீளமாகக் கிடக்கும். குறை ஒன்று, வசந்த காலத்தில் பிற்பகல் காற்று ஆற்றுக்கு எதிராக அடிக்கும். ஓட்டமும் மந்தமாக இருந்தால் துடுப்பை நிறுத்திய நொடி படகு பின்னால் போகும். மார்ச் விடுமுறைக்கு இதைத் திட்டமிடுகிறவர்கள் காலையிலேயே அதிக தூரம் முடித்துவிடப் பார்க்க வேண்டும்.

இரவு தங்கும் எந்தப் பயணத்துக்கும் பூங்கா பெர்மிட் வேண்டும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், உபரித் துடுப்பு, தீ மூட்டும் தட்டு, அப்புறம் கையோடு எடுத்துப்போகும் கழிப்பறைப் பெட்டி, இவை கட்டாயம். ஆம், மூன்று நாள் கழிவையும் நீங்களேதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழிகாட்டி நிறுவனத்தோடு போனால் இதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கட்டணத்தைப் பார்த்து முகம் சுளிக்குமுன் இந்தப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரிஸ்கல் கேன்யன் 10 மைல், அழகு, ஆனால் அங்கே போய்ச்சேரும் மண்சாலைக்கு உயரமான வண்டி வேண்டும். உங்கள் கேம்ரி போகாது. லோயர் கேன்யன்ஸ் 83 மைல், ஒரு வாரம், நடுவில் உதவிக்கு ஆளில்லை. அதற்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். ராஃப்டிங் என்றால் தூக்கித் தூக்கிப் போட வேண்டும், முகத்தில் தண்ணீர் அறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் பிக் பெண்டுக்கு வந்தால் ஏமாந்துதான் போவார்கள். அவர்கள் யூட்டா மாநிலத்து மோவாபுக்கு டிக்கெட் போடுவது நல்லது. அங்கே கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் கொலராடோ ஆற்றில் கேட்டராக்ட் கேன்யன் இருக்கிறது. மே, ஜூனில் மலைப்பனி உருகி வரும்போது அது நாட்டின் பெரிய ரேப்பிட்களில் ஒன்று. அதே மோவாபில் பிள்ளைகளுக்கேற்ற சாதுவான ஒருநாள் பகுதியும் ஃபிஷர் டவர்ஸ் பக்கம் உண்டு. அங்கே பனிநீர் வருகிறது என்பதால் எந்த மாதம் எவ்வளவு இருக்கும் என்பதை ஓரளவு நம்பலாம். கிராண்ட் கேன்யனில் சொந்தமாகப் படகு விட லாட்டரி முறை, நிறுவனங்களோடு போவதற்கும் நெடுநாள் முன்பதிவு. டெக்சாஸிலிருந்து இவை எல்லாவற்றுக்கும் விமானச் செலவு, வாடகை வண்டி. பிக் பெண்டுக்கோ சான் அன்டோனியோவிலிருந்து ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், டாலஸிலிருந்து எட்டரை, ஒன்பது மணி நேரம், சொந்த வண்டியிலேயே போய்விடலாம். இங்கே ஆறு தருவது வேகம் இல்லை. அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒரு பகல் இருக்க விடுகிறது, அது வேண்டுமென்றால் வாருங்கள்.

மூன்று நாள் பயணத்தில் ஆற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பது என் கட்சி. காரணம் சிசோஸ். ஒரு முழு மலைத்தொடரும் ஒரே தேசியப் பூங்காவுக்குள் அடங்குவது அமெரிக்காவில் இங்கே மட்டும்தான். ஆற்றங்கரையைவிட மேலே ஏறத்தாழ 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ச்சி. லாஸ்ட் மைன் பாதை போய்வர 4.8 மைல், 1,100 அடி ஏற்றம். பாதி வழியில் திரும்பினால்கூடக் காட்சி கிடைத்துவிடும். ஒரே ஒரு பாதைதான் நடப்போம் என்பவர்களுக்கு இதையே சொல்வேன். விண்டோ பாதை பலரும் சொல்வது, போய்வர 5.6 மைல். போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். மதியத்துக்குமேல் தொடங்கினால் வாய்விட்டுத் திட்டுவீர்கள். சவுத் ரிம் முழுநாள் நடை, பழகியவர்களுக்கு. கருங்கரடிகளும் மலைச் சிங்கங்களும் உள்ள இடம், ஆகவே தின்பண்டத்தைக் கூடாரத்திலோ வெளியிலோ விடாமல் கார் டிக்கியிலோ அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலோ பூட்ட வேண்டும். முறுக்குப் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும். சிசோஸ் பேசினில் விடுதியைப் புதிதாகக் கட்டும் திட்டம் இருப்பதால் அந்தப் பகுதி நெடுநாள் மூடப்படலாம். பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். மூடியிருந்தால் கிரேப்வைன் ஹில்ஸில் சமநிலைப் பாறை வரை போகும் 2.2 மைல் நடை நல்ல மாற்று.

வெயிலைப் பற்றி விளையாட்டாக எழுத முடியாது. மே, ஜூனில் ஆற்றோரம் 110 டிகிரியைத் தாண்டும். 2023 ஜூனில் மருஃபோ வேகா பாதையில் 119 டிகிரி வெயிலில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவன் இறந்துபோனான். உதவி தேடிக் காரில் விரைந்த அவன் மாற்றாந்தந்தையும் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பாதையில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. பள்ளி விடுமுறை கோடையில்தான் வருகிறது என்பது நிஜம்தான். ஆனால் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஜூலையில் பிக் பெண்டுக்குக் கூட்டிப்போவதை யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். "மதுரை வெயிலையே பார்த்தவங்க" என்ற வாதம் இங்கே எடுபடாது. மதுரையில் நூறடிக்கு ஒரு நிழலும் ஒரு மோர்க்கடையும் உண்டு.

பெரியவர்கள் உடன் வந்தால் குளிர்காலத்தில் அவர்களுக்கென்று செய்ய நிறைய இருக்கிறது. ராஸ் மேக்ஸ்வெல் சாலை 30 மைல், காரிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். சிசோஸில் விண்டோ வியூ என்று 0.3 மைல் தளமிட்ட பாதை, மாலையில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்க பெஞ்சும் உண்டு. ரியோ கிராண்டே வில்லேஜ் அருகே வெந்நீர் ஊற்று இருக்கிறது. 1909-ல் இங்கே குடியேறிய லாங்ஃபோர்ட் என்பவர் கட்டிய குளியல் வீட்டின் அஸ்திவாரம்தான் இப்போது தொட்டி. 105 டிகிரியில் ஊற்றுநீர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு. முட்டிவலிக்காரர்களை எழுப்பி வெளியே கொண்டுவருவது கஷ்டம். ஆறு ஏறினால் தொட்டி மூழ்கிவிடும், கோடையில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எல்லை கடந்து போக்கியாஸ் கிராமத்துக்குப் போகலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. 2002-ல் மூடி, 2013-ல் திறந்த அதிகாரபூர்வ எல்லைச் சாவடி அது. துடுப்புப் படகில் இக்கரையிலிருந்து அக்கரை, பிறகு நடந்தோ கழுதையேறியோ ஊருக்குள். டாக்கோ சாப்பிட்டுவிட்டு மதியம் திரும்பிவிடலாம். எல்லா நாளும் திறந்திருக்காது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ இருந்தால் கவலை இல்லாமல் போய்வாருங்கள், பயணத்தின் மிக இனிமையான அரை நாள் அதுவாகவே இருக்கும். எச்-1பி வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, அனுமதி கிடைத்ததைக் காட்டும் ஐ-797 காகிதத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் படகேறாதீர்கள். திரும்பும்போது இயந்திரத்தின் முன் நின்று வீடியோவில் தெரியும் அதிகாரியிடம் பேச வேண்டும். அங்கே நின்று சிக்கலைப் பேசித் தீர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. இக்கரைப் பாதைகளில் பாறை மேல் கம்பியும் மணியும் கோத்துச் செய்த தேள், பறவை பொம்மைகள் பரப்பிப் பக்கத்தில் காசு போட ஒரு டப்பாவும் இருக்கும். அக்கரைக்காரர்கள் வைத்துவிட்டுப் போவது. இக்கரையில் அவற்றை வாங்குவது சட்டப்படி குற்றம். ஆசைப்பட்டால் கிராமத்துக்குள் போய் வாங்குங்கள்.

மாதக் கணக்கு இப்படி. ராஃப்ட்தான் குறி என்றால் மழைக்காலத்தின் பின்பாதி, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய. ஆற்றில் ஓட்டம் இருக்க வாய்ப்பு அதிகம், வெயிலும் இறங்கத் தொடங்கியிருக்கும். பள்ளியில் வெள்ளி, திங்கள் லீவு சொல்ல வேண்டி வரும், பரவாயில்லை. மலையும் பூமராங் கேனோவும் சேர்த்து வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி. தேங்க்ஸ்கிவிங்கும் கிறிஸ்துமஸும் நெரிசல், நடுவில் உள்ள வாரங்கள் அமைதி. மார்ச் நடுவில் எல்லோரும் வருவார்கள், கார் நிறுத்தவே இடம் இருக்காது, காற்றும் அடிக்கும். வேறு வழியில்லாமல் மார்ச்தான் என்றால் சாண்டா எலெனாவுக்கு விடிகாலையிலேயே போய்விடுங்கள். டெர்லிங்குவாவில் நவம்பர் முதல் சனிக்கிழமை சில்லி சமையல் போட்டி, 1967-லிருந்து நடக்கிறது. அந்த வாரம் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்கக் கூடாது.

வழிகாட்டியா, வாடகைக் கேனோவா? நீச்சல் தெரிந்த பெரியவர் படகுக்கு ஒருவராவது இருந்து, பூமராங்தான் என்றால் வாடகையே போதும். லைஃப் ஜாக்கெட்டை முழங்கால் ஆழம்தானே என்று கழற்றி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஓட்டத்தோடு இறங்கும் எந்தப் பகுதிக்கும் முதல்முறை வழிகாட்டியோடு போங்கள். பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: தண்ணீர் இல்லாவிட்டால் எந்தப் பகுதிக்கு, எந்தப் படகுக்கு மாற்றுவீர்கள்? நாங்கள் வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பிள்ளைகளுக்குக் குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம், பகுதிக்குப் பகுதி மாறும். சைவச் சாப்பாடு என்று முன்பே சொன்னால் தருகிறார்கள். சொல்ல மறந்தால் வான்கோழி சாண்ட்விச்சிலிருந்து வான்கோழியை எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதான். எலுமிச்சைச் சாதத்தை டப்பாவில் அடைத்துப் படகில் போட்டுக்கொண்டு போவதை யாரும் தடுக்கப்போவதில்லை. நாயை அழைத்துவர நினைக்காதீர்கள், பாதைகளிலும் ஆற்றிலும் அதற்கு அனுமதி இல்லை.

பூங்கா நுழைவு ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். பெட்ரோலை மாரத்தானிலோ அல்பைனிலோ முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது, அல்பைன் போகும் 118, மாரத்தான் போகும் 385 இரண்டு சாலையிலும் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி உண்டு. வண்டியில் உள்ள ஒவ்வொருவரின் குடியுரிமையையும் கேட்பார்கள். டெக்சாஸ் டிரைவிங் லைசன்ஸைக் காட்டினால் போதாது. விசாவில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா உட்பட, அசல் பாஸ்போர்ட்டையும், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-இன் அச்சு நகலையும் காரிலேயே வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் இருக்கிறது என்று அங்கே போனைத் தடவினால் சிக்னல் வராது.